சந்தாதாரர்களுக்கு மட்டும் ஒரு கொசுறு

எங்கள் ஊரில் யாரும் காசு கொடுத்துத் துண்டு வாங்குவதில்லை. உங்கள் வீட்டுக் குளியலறையிலும் அப்படித்தான் இருக்கும், காவல் ஆய்வாளர் அம்மா. யாரோ ஒருவரின் எழுபதாம் பிறந்தநாள், யாரோ ஒருவர் வீட்டுப் பேரக்குழந்தையின் முதல் பிறந்தநாள், ஏதோ ஒரு மலையேறும் சங்கத்தின் பத்தாம் ஆண்டு விழா என்று அச்சடித்த துண்டுகள்தான் அடுக்கியிருக்கும். பூசானில் பிறந்தவன் சாகும்வரை பிறத்தியார் வீட்டு விசேஷத்தில்தான் முகம் துடைக்கிறான். அதனால்தான், புதிதாகச் சந்தா கட்டுகிறவர்களுக்கு எங்கள் தளத்தின் பெயர் போட்ட துண்டு ஒன்றை அனுப்பலாம் என்று யோசனை சொன்னேன். உண்மைக்காகக் காசு கொடுக்க யோசிக்கிறவர்கள்கூட ஒரு துண்டுக்காகக் கொடுத்தார்கள்.

நீங்கள் கேட்டது துண்டைப் பற்றி இல்லை என்று தெரியும். ஆனால் துண்டில்லாமல் அந்த இடத்துக்குப் போக வழியில்லை.

என் பெயர் குக் மான்சிக். வயது நாற்பத்தாறு. 'அடிநீர்' என்கிற இணையச் செய்தித் தளத்தில் சந்தாப் பிரிவின் பொறுப்பாளர். பிரிவு என்றால் நான் ஒருவன்தான். என் அம்மா துறைமுகத்துக் கருவாட்டுச் சந்தையில் நெத்திலி விற்றவர். பேரம் படியாமல் நடையைக் கட்டுகிற ஆளை அவர் கூப்பிட மாட்டார். நாலடி போகவிட்டு, ஒரு பிடி நெத்திலியை அள்ளிக் காற்றில் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த ஆள் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு பிடிதான் கொசுறு. நெத்திலி எல்லாக் கடையிலும் இருந்தது. எங்கள் கடைக்குக் கூட்டம் வந்தது கொசுறுக்காக. எனக்கு வேறு படிப்பு என்று பெரிதாக இல்லை.

'அடிநீர்' விளம்பரம் வாங்குவதில்லை. நகராட்சிக் காசு வாங்குவதில்லை. கட்டட முதலாளிகளின் காசு வாங்குவதில்லை. வாசகர்களின் காசு மட்டும்தான். அதாவது, பெரும்பாலும் அதுவும் இல்லை. கட்டுரைக்குக் கீழே வந்து, 'கண்ணீர் வந்துவிட்டது, உங்களைப் போன்றவர்களால்தான் நாடு நிற்கிறது' என்று எழுதுவார்கள். நாடு நிற்பதற்கு மாதம் இரண்டு கோப்பை காபிக் காசு கேட்டால், 'இப்போது கொஞ்சம் கையைக் கடிக்கிறது' என்று மூன்றாவது கோப்பையை உறிஞ்சிக்கொண்டே பதில் போடுவார்கள். நீங்களும் எங்கள் வாசகர் என்று உள்ளே வரும்போது சொன்னீர்கள். பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. இந்த அறையில் குற்றம் என்னுடையது மட்டும்தான்.

எங்கள் ஆசிரியர் ப்யோ அண்ணன் பெரிய நாளிதழ் ஒன்றில் இருபது வருடம் இருந்து, மனசாட்சி உறுத்தி வெளியே வந்தவர். மனசாட்சிக்காக வீட்டை அடமானம் வைத்திருந்தார். வருடத் தொடக்கத்தில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மான்சிக், டிசம்பர் கடைசிக்குள்ள மூவாயிரம் பேர் சேரலைன்னா கடைய மூடிருவோம். அடமானம் வைக்க இனிமே என்கிட்ட பொண்டாட்டி மட்டுந்தான் பாக்கி."

"அண்ணிகிட்ட கேட்டீங்களா?"

"அவதான்டா இந்த யோசனையச் சொன்னா. போயி மூவாயிரம் கொண்டா."

அப்போது எங்களிடம் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள்.

கோடையில் ஒரு வழக்கு வந்தது. எங்கள் நாட்டில் பொய் எழுதினாலும் அவதூறு, உண்மை எழுதினாலும் அவதூறு. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் நிருபர் மா ஹேரின் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் தூணில் கம்பி குறைவாக இருக்கிறது என்று எழுதினாள். தூணை உடைத்துப் பார்த்தார்கள். கம்பி குறைவாகத்தான் இருந்தது. ஆகவே அவள்மேல் வழக்கு. விசாரணைக்கு இதே காவல் நிலையத்துக்கு வந்துவிட்டுப் படியிறங்கியபோது மழை. நான் எதிர்ப்பக்கம் கைப்பேசியோடு நின்றேன்.

"அண்ணே, நனையுது. பைக்குள்ள குடை இருக்கு, எடுத்துக்கறேன்."

"ரெண்டு நிமிஷம் பொறும்மா. குடை வேண்டாம்."

அந்தப் படத்தைப் போட்டேன். மூன்று நாளில் முந்நூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். கம்பி குறைவான தூணைப் பற்றிய கட்டுரைக்குச் சேர்ந்தவர்கள் பதினோரு பேர். அதில் மூன்று பேர் அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள். மக்கள் செய்தியை வாங்குவதில்லை, செய்திக்காக ஒருவர் நனைவதை வாங்குகிறார்கள் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. புரிந்ததை ஒரு விற்பனைக்காரன் மறக்க முடியாது.

அக்டோபரில் முதியோர் மருத்துவமனைக் கட்டுரை. மருத்துவமனையின் பெயரைச் சொல்லக்கூடாது என்று என் வக்கீல் சொல்லியிருக்கிறார், சொன்னால் அது தனி அவதூறாம். ஹேரின் நாலு மாதம் உழைத்தாள். நோயாளிகளின் மணிக்கட்டைக் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டிவைத்திருந்த படங்கள் அவளிடம் இருந்தன. எடுத்துக் கொடுத்தவர் அங்கேயே பராமரிப்பாளராக வேலை பார்த்த பான் கில்ஜா. ஐம்பத்தெட்டு வயது. கட்டுரை வருவதற்கு முன்னால் ஒருநாள் ஹேரினோடு நூடுல்ஸ் கடையில் அவரைச் சந்தித்தேன். முகத்தைக் காட்டிப் பேசச் சம்மதிப்பாரா என்று கேட்கத்தான் போனேன். அவர் குழம்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"தம்பி, என் பேரு வெளிய வந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. பாத்திரம் கழுவியாச்சும் பொழச்சுக்குவேன். எம் புருஷன் அங்கதான் மூணாவது மாடில படுத்துக் கெடக்காரு. வாதம் வந்து ஏழு வருஷம் ஆச்சு. வேலை பாக்குறவங்களுக்குப் பாதிக் கட்டணம்னுதான் நான் அங்கயே சேந்தேன். ரெண்டு மணிக்கொருக்கா போயிப் பொரட்டிப் போடறேன். என்னத் தொரத்திட்டா அவர யாரு பொரட்டுவா?"

"ஒருத்தருக்கும் தெரியாது சித்தி. அதுக்கு நான் பொறுப்பு," என்றாள் ஹேரின்.

"நீ சொன்னா சரி. இவரு மொகத்தப் பாத்தாதான் நெத்திலி விக்கிறவரு மாதிரி இருக்காரு."

எல்லோரும் சிரித்தோம். நல்ல கண் அவருக்கு.

கட்டுரை வந்தது. நாலு லட்சம் பேர் படித்தார்கள். பதினெட்டாயிரம் பேர் அழுகிற முகம் போட்டார்கள். சந்தா கட்டியவர்கள் நாற்பத்தொரு பேர். கட்டுரையில் ஒரு குறையும் இல்லை. மணிக்கட்டுகள் இருந்தன, முகம் இல்லை. மணிக்கட்டுக்காக யாரும் வங்கி எண்ணைத் தட்டமாட்டார்கள்.

அந்த நாற்பத்தொரு பேருக்கும் துண்டு அனுப்ப முகவரிகளை எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒன்றைப் பார்த்துக் கை நின்றது. பெயர் ஒரு பெண்ணுடையது. முகவரி, அதே மருத்துவமனை, இரண்டாவது மாடி, நிர்வாக அலுவலகம். கொடுத்திருந்த எண்ணுக்குப் பேசினேன்.

"துண்டு அனுப்பறோங்க. முகவரி சரிதானான்னு பாக்கக் கூப்பிட்டேன்."

"சரிதான், சரிதான். ஆபீசுக்கே அனுப்பிருங்க. வீட்டுக்கு வேண்டாம், வீட்டுல ஆயிரம் கேள்வி கேப்பாங்க. கலர் வேற இருக்கா? வெள்ளை சீக்கிரம் அழுக்காயிருது."

குரல் நிர்வாக மேலாளர் யோமுடையது. ஹேரின் பதிவுசெய்த பேட்டியில் பத்துத் தடவை கேட்ட குரல். எதிரி அடுத்து என்ன எழுதப்போகிறான் என்று பார்க்க, மனைவி பெயரில் சந்தா கட்டியிருக்கிறார். ஒளிந்துகொள்ளத் தெரிந்த மனிதர். இலவசத் துண்டை வேண்டாம் என்று விடத்தான் தெரியவில்லை. எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு ஐந்து நாள் நான் ஒன்றுமே செய்யவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறாவது நாள் வியாழக்கிழமை. வியாழன்தோறும் சந்தாதாரர்களுக்கு மட்டும் ஒரு கடிதம் அனுப்புவோம். கட்டுரையில் வராத சின்னச் சின்ன விஷயங்கள், நிருபர் எந்தக் கடையில் சாப்பிட்டார், எங்கே அழுதார் என்கிற மாதிரி. அதுதான் எங்கள் கொசுறு. வழக்கமாக ஹேரின் ஒருமுறை படித்துப் பார்ப்பாள். அந்த வாரம் ஏதோ விருது வாங்கத் தலைநகர் சியோலுக்குப் போயிருந்தாள். நான் எழுதியது உங்கள் கோப்பில் இருக்கும். 'இந்தப் படங்களை எடுத்தவர் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போவதில்லை. மூன்றாவது மாடிக்குப் போகிறார். அங்கே ஒரு கட்டிலில் அவருடைய வாழ்க்கைத் துணை படுத்திருக்கிறார்.' அவ்வளவுதான். பெயர் இல்லை, வயது இல்லை. ஒரு பொய்யும் இல்லை. அந்த மருத்துவமனையில் பராமரிப்பாளர்கள் முப்பது பேர். அதில் கணவனை மூன்றாவது மாடியில் வைத்திருந்தவர் ஒருவர்தான்.

இரண்டாயிரத்து இருநூற்றுச் சொச்சம் பேருக்கு அனுப்பினேன். ஒருவருக்காக எழுதினேன். அவரும் காசு கட்டியவர்தானே. மற்றவர்களுக்குக் கொடுக்கிற கொசுறை அவருக்கு மட்டும் கொடுக்காமல் விட எனக்கு என்ன உரிமை?

திங்கட்கிழமை கில்ஜா அக்காவை வேலையைவிட்டு அனுப்பினார்கள். படம் எடுத்தது தனிமனித உரிமை மீறல் என்று வழக்கு. வளாகத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று வாசலில் ஆள். அவர் நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பை, அதில் மருத்துவமனைக்குள் போடுகிற செருப்பும் ஒரு தேநீர்க் குடுவையும். ஹேரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, நான்தான் எங்கயோ வாய விட்டுட்டேன் போல. யார்கிட்டன்னு ஞாபகம் வரமாட்டேங்குது. நெனச்சு நெனச்சுப் பாக்கறேன்."

"உன் மேல தப்பே இல்லம்மா," என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதுவும் பொய் இல்லை.

நான் எதிர்பார்த்தது இவ்வளவுதான்: அறுபதை நெருங்குகிற ஒரு பெண்மணி, வேலை போய்விட்டது, முகத்தை மறைக்க இனிமேல் காரணம் இல்லை. அப்படியே நடந்தது. அவரே கேமரா முன்னால் உட்கார்ந்தார். தினமும் காலையில் மருத்துவமனை வாசலில் நின்று மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்ப்பார், நாங்கள் படம் எடுப்போம். 'கில்ஜா அவர்கள் கணவரைப் பார்க்காத ஐந்தாம் நாள்', 'ஆறாம் நாள்' என்று தலைப்புப் போட்டேன். எண்ணைப் பார்த்தால் மக்களுக்கு மறுநாளும் வரத் தோன்றும். ஒரு நாளைக்கு அறுபது பேர், எழுபது பேர் என்று சேர்ந்தார்கள். ப்யோ அண்ணன் எல்லோருக்கும் பன்றிக்கறி வாங்கிக்கொடுத்தார்.

கணவரை வேறு மருத்துவமனைக்கு மாற்ற ஹேரின் அலைந்தாள். ஊரில் கேட்ட இடமெல்லாம் கட்டில் இல்லை என்றார்கள். கில்ஜா என்ற பெயரைக் கேட்டதும் கட்டில் தீர்ந்துபோகும். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் நாலாவது மாடி, மின்தூக்கி கிடையாது, வீட்டுக்கே வந்து பார்க்க ஆள் வைக்க வசதியும் கிடையாது.

பதினோராம் நாள் சந்தாப் பிரிவுக்கு, அதாவது எனக்கு, ஒரு மின்னஞ்சல் வந்தது. கிம்ஹேயில் சின்ன முதியோர் இல்லம் நடத்துகிற ஒருவர். சந்தாதாரர். 'எங்களிடம் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. ஆம்புலன்ஸும் நாங்களே அனுப்புகிறோம். எப்போது வரலாம்?' நல்ல மனிதர். கூடவே மாதா கோவில் போல ஒரு வெள்ளைக் கட்டடத்தின் படமும் வைத்திருந்தார்.

அன்றைய கணக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று.

என் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். கட்டில் கிடைத்துவிட்டது என்று அன்றே போட்டால் எல்லோரும் அப்பாடா என்பார்கள். அப்பாடா என்கிறவன் கை சட்டைப்பைக்குப் போகாது. இன்னும் நூற்றிருபத்தொன்பது பேர். இரண்டு நாள், அதிகம் போனால் மூன்று. மூவாயிரமாவது ஆள் சேர்ந்ததும் 'உங்களால் கிடைத்தது இந்தக் கட்டில்' என்று போடுவதாகத் தலைப்பைக்கூட எழுதிவைத்திருந்தேன். மின்னஞ்சலைப் படிக்காதது போலக் குறித்து வைத்தேன். அழிக்கவில்லை. அழிக்கிறவன் வேறு மாதிரி ஆள்.

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு வாரம் என்பதை நான் மறந்துவிட்டேன். என் தொழிலில் இது மன்னிக்க முடியாத பிழை. பெற்றவர்கள் எல்லோரும் கோவிலிலும் தேவாலயத்திலும் கிடந்தார்கள். தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று விமானமே தரையிறங்காமல் காத்திருக்கிற நாளில் யார் சந்தா கட்டுவார்கள்? நாளுக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் என்று படுத்துவிட்டது. பதினேழாம் நாள் காலையில் கில்ஜா அக்கா பேசினார்.

"தம்பி, எங்கயாச்சும் எடம் கெடச்சுதா? ஒரே ஒரு தடவ ஜன்னல்ல ஒரு பொண்ணு கையக் காட்டுச்சு. முதுகத் தொட்டுக் காட்டுச்சு. எனக்கு என்னமோ சரியாப் படல."

"கேட்டுக்கிட்டே இருக்கோம் அக்கா. இன்னும் அமையல."

இது பொய். ஒப்புக்கொள்கிறேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன ஒரே பொய் இதுதான். தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டாம் நாள் மதியம் அவருடைய கணவர் இறந்துபோனார். சான்றிதழில் நிமோனியா என்று இருந்தது. குளிப்பாட்டியவர் சொன்னார், முதுகுப் புண்ணில் எலும்பு தெரிந்ததாம். அப்போது கணக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. சாயங்காலம் செய்தியைப் போட்டோம். விடிவதற்குள் மூவாயிரத்து நானூறு.

பத்தொன்பதாம் நாள் கிம்ஹேக்காரருக்குப் பதில் எழுதினேன். 'உங்கள் அன்புக்கு நன்றி. காலம் முந்திக்கொண்டது.' வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்க என்னால் முடியாது, அது தொழில் ஒழுக்கம். அந்த ஒழுக்கம்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது. அந்த மனிதர் இழவு வீட்டுக்கே வந்துவிட்டார். கறுப்புக் கோட்டு, உறையில் காசு, படத்துக்கு முன்னால் இரண்டு முறை விழுந்து வணங்கினார். பிறகு ஹேரினை ஓரமாக அழைத்துப்போனார்.

"மெயில் போட்டு எட்டு நாளா பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தோம்மா. கட்டில வேற யாருக்கும் குடுக்கல. வேற எடம் கெடச்சிருச்சு போலன்னு நெனச்சோம்."

மறுநாள் ஹேரின் என் மேசைக்கு வந்தாள். சந்தாப் பிரிவின் கடவுச்சொல்லை ப்யோ அண்ணனிடம் வாங்கியிருந்தாள். எல்லாவற்றையும் வரிசையாக அச்செடுத்து வைத்தாள். கிம்ஹே மின்னஞ்சல், வியாழக்கிழமைக் கடிதம், துண்டு முகவரி.

"இந்த முகவரி யாரோடதுன்னு தெரிஞ்சுதான் எழுதுனீங்களா?"

"எல்லாருக்கும் எழுதுனதும்மா."

"அண்ணே."

"நம்ம கடை நிக்குது, ஹேரின். நீ இன்னும் பத்து வருஷம் எழுதலாம். இத உனக்காகத்தான் செஞ்சேன்."

"நாலு மாசம் ராப்பகலா அந்த ஒரு பேர மறைச்சு வெச்சேன். என் அம்மாகிட்ட கூடச் சொல்லல. நீங்க அதத் துண்டோட சேத்துக் குடுத்துட்டீங்க."

அவள் கத்தவில்லை. பத்திரிகையாளர் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நேரே உங்களிடம் வந்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், நல்ல நிருபர். என்னைப் பற்றி முழுக்கட்டுரை எழுதி ஆசிரியருக்கு அனுப்பியும் இருக்கிறாள். யாருக்கும் அஞ்சாத ப்யோ அண்ணன் அதை மூன்று வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். ஹேரின் போனபிறகு தளத்தில் புதிதாக ஒரு செய்தியும் வரவில்லை. சந்தாதாரர் ஒருவர்கூட விலகவும் இல்லை. விளம்பரதாரர், அரசு, முதலாளி என்று எல்லோரிடமிருந்தும் விடுபட்டோம். இப்போது செய்தியிடமிருந்தும் விடுபட்டுவிட்டோம்.

நான் செய்தது இதுதான். ஒரு பெண்மணியின் அடையாளத்தை அவருடைய முதலாளிக்குக் கொடுத்தேன். அவருடைய கணவருக்குக் கிடைத்த கட்டிலை எட்டு நாள் மறைத்தேன். ஹேரின் இதை நான் எண்ணிக்கைக்காகச் செய்தேன் என்று எழுதியிருக்கிறாள். அது எனக்கு வருத்தம். கில்ஜா அக்காவுக்காக இந்த ஊரில் என்னைவிட அதிகமாக எழுதியவன் யார் என்று காட்டச் சொல்லுங்கள். என்னை நம்பவேண்டாம், அவரையே கேளுங்கள். துக்கம் முடிந்த வாரம் அவரும் சந்தா கட்டியிருக்கிறார். எண் மூவாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று. ஏன் சேர்கிறீர்கள் என்ற கட்டத்தில், 'கடைசிவரைக்கும் கூட நின்னீங்க. எனக்கு வேற எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல' என்று எழுதியிருக்கிறார். பாத்திரம் கழுவுகிற காசில் கட்டுகிறார். திருப்தி இல்லாத வாடிக்கையாளர் அப்படிக் கட்டுவாரா?

நாளைக்கு அவரைச் சாட்சியாகக் கூப்பிடப்போகிறீர்கள் என்று வக்கீல் சொன்னார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதுதான், நான் தடுக்கவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். முடிந்தால் இருபத்தைந்தாம் தேதி தாண்டிக் கூப்பிடுங்கள். அன்றைக்குத்தான் வங்கியில் சந்தா பிடிப்பார்கள்.